கேளாமல் வரும் எழுத்து



வணிகக் கணிப்பொறி ஒன்றை வாங்கி வந்து, மின்னிணைப்புக் கொடுத்து, அச்சுப்பொறியையும் அதனோடு பொருத்தி, வேறெதுவும் சொல்லாமல் 'அச்சிடு' என்று மட்டும் ஏவினால், அஃது எந்த எழுத்தில் அச்சிடும்? இவ்வினாவை நம்மில் எத்தனைபேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்? கணிப்பொறிக்குத் தமிழ்ப்பெயர் வைத்தோம்; அச்சுப்பொறிக்கும் வைத்தோம். அப்பொறியின் வயிற்றுக்குள் எவன் எழுத்து உட்கார்ந்திருக்கின்றது என்று மட்டும் பாராமலே விட்டோம். அதைத்தான் இங்குப் பார்க்கப் போகின்றோம்.

1988-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஐ.பி.எம். குழுமம் ஏ.எசு./400 என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. ஆலைகளும் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் உலகெங்கும் அதனை வாங்கின. 2000-இல் அதற்கு வேறு பெயர். 2006-இல் மற்றொரு பெயர். 2008 முதல் அதன் இயக்கநிரல் 'ஐ.பி.எம். ஐ' என வழங்குகின்றது. பெயர்தான் மாறிற்றே யொழிய அதன் அடிப்பழக்கங்கள் மாறவில்லை. அப்பொறியில் அச்சுக்கோப்பு ஒன்றை ஆக்குவோன் ஒன்றும் குறிப்பிடாது விட்டால், பொறி தானாகவே சில அளவுகளை எடுத்துக்கொள்ளும். விரலத்திற்கு (அங்குலத்திற்கு)ப் பத்தெழுத்து. விரலத்திற்கு ஆறு வரி. பக்கத்திற்கு 66 வரி. வரிக்கு 132 கட்டம். பத்தெழுத்து அளவுக்கு உரிய எழுத்துருவின் எண் 11, பெயர் கூரியர். அமெரிக்காவிற்கென அமைக்கப்பெற்ற பொறியாயின், எழுத்துத்தொகுதி எண் 697. குறியீட்டுப் பக்கம் 37. அப்பக்கத்தில் இருப்பவை இலத்தீன் எழுத்துகள், அவற்றின்மேல் ஐரோப்பியர் இடும் புள்ளி, கீற்றுகளோடு கூடியவை, எண்கள், சில குறிகள். அவ்வளவே!

இவற்றை எவரும் கேட்கவில்லை. கேளாமலே வருகின்றன. இத்தகைய அமைவை ஆங்கிலத்தில் 'டிபால்ட்டு' என்பர். நாம் அதனை 'இயல்பமைவு' என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். மொழிபெயர்ப்பு நன்றாகத்தான் இருக்கின்றது, ஆனால் ஏமாற்றுகின்றது. 'இயல்பு' என்றதும் காற்று வீசுவதும் மழை பொழிவதும் போல எவரும் செய்யாமல் தானே அமைந்தது என்றன்றோ தோன்றுகின்றது? ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள் அஃதன்று. தவறுகை, வாராதிருக்கை என்பதே. முறைமன்றத்திற்கு வரவேண்டியவன் வாராதிருந்தால், அவன் பக்கத்தைக் கேளாமலே அவனுக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கிவிடுவர். அத்தீர்ப்பிற்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். நம் ஊர் மன்றங்களில் 'ஒருதலைத் தீர்ப்பு' என்கின்றோமே, அதற்கு உடன்பிறப்பு. இப்பொழுது பொருள் விளங்குகின்றதா? அச்சுப்பொறியின் இயல்பமைவு என்பது இயல்பு அன்று. வாராதவர்க்கு எதிராக வழங்கப்பட்ட தீர்ப்பு. வழக்கு நடந்தபோது நாம் அங்கில்லை.

அவ்வழக்கு எப்பொழுது நடந்தது? 1959-இல் ஐ.பி.எம். 1401 என்னும் கணிப்பொறியும் அதனோடு 1403 என்னும் வரியச்சுப் பொறியும் வந்தன. அப்பொறிக்குள் எழுத்துகள் பொறித்த இருப்புத் தொடரி ஒன்று கிடையாக ஓடிக்கொண்டேயிருக்கும். தாளுக்குப் பின்னே வரிசையாய்ச் சிறு சம்மட்டிகள். வேண்டிய எழுத்து வேண்டிய கட்டத்திற்கு நேரே வரும் நொடியிற் சம்மட்டி தாளைத் தட்டும், தாள் மைநாடாவில் மோதும், எழுத்துப் பதியும். ஒரு மணித்துளிக்கு 600 வரி! கண்ணால் தொடர முடியாத விரைவு. பொறியின் திறத்தை நாம் குறைத்துக் கூறவில்லை. மாந்தன் கைத்திறத்திற்கு அஃதொரு பெருஞ்சான்றே. ஆனால் அத்தொடரியில் இருந்தவை எத்தனை எழுத்துகள்? 48. ஆங்கிலப் பேரெழுத்து 26, எண் 10, குறி 12. அந்நாற்பத்தெட்டையே ஐந்துமுறை திரும்பத் திரும்பப் பொறித்து 240 இடங்களை நிரப்பினர்.

ஆங்கிலத்தின் சிற்றெழுத்துகள்கூட அதிலில்லை என்பதைக் கருதுக! வேறு தொடரி மாட்டினாலன்றி ஆங்கிலனுக்கும் சிற்றெழுத்துக் கிடையாது. அவன் அதைப் பொறுத்துக்கொண்டான். ஏனெனில் போனது பாதி, இருந்த மறுபாதியும் அவனுடையதே. நமக்கோ போனது முழுவதும்.

அந்த 132 கட்டமும் அந்த 66 வரியும் அக்காலத்து மடிப்புத்தாளின் அளவிலிருந்து வந்தவை. தாள் பதினொரு விரலம். விரலத்திற்கு ஆறு வரியென்றால் 66. அத்தாளைக் கிழித்து எறிந்து பல்லாண்டுகள் கழிந்தன. அளவு மட்டும் பொறியிலிருந்து பொறிக்குக் குடிபெயர்ந்து கொண்டேயிருக்கின்றது. ஒருமுறை உட்கார்ந்துவிட்ட இயல்பமைவு எவ்வளவு நாள் ஆளும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனிக் கூரியருக்கு வருவோம். 1950-களின் நடுவில் ஓவர்டு கெட்லர் என்பார் ஐ.பி.எம். தட்டச்சுப் பொறிக்கென வரைந்த எழுத்து அது. ஒல்லியான 'ஐ'-க்கும் அகன்ற 'எம்'-முக்கும் ஒரே அகலம். தட்டச்சுப் பொறியின் உருளை ஒவ்வோர் அடிக்கும் ஒரே அளவுதான் நகரும் என்பதால் வந்த வடிவம் அது. ஐ.பி.எம். அவ்வடிவின்மேல் தனியுரிமை நாட்டாமல் விட்டுவிட்டது. ஆதலால் அதை எவரும் எடுத்துக்கொள்ளலாமென்று ஆயிற்று; எல்லாரும் எடுத்துக்கொண்டனர். 1984-இல் எச்.பி. குழுமம் ஒளிக்கற்றை அச்சுப்பொறியை வெளியிட்டபோதும் அதற்குள் குடியிருந்தது கூரியரே. உருளையும் இல்லை, அடிக்கும் விசையும் இல்லை, ஆயினும் அதே எழுத்து. அமெரிக்க வெளியுறவுத்துறை தன் மடல்களுக்கு வைத்திருந்த கூரியரை 2004-இல் ஓராணையால் நீக்கி வேறெழுத்தை வைத்தது. ஓர் ஆணை, ஒரு தாள், முடிந்தது. இயல்பமைவு இறைவன் எழுதிய தலையெழுத்தன்று என்பதை அதை வைத்தவனே காட்டிவிட்டான்.

இங்கே ஒன்றை ஒளியாமற் கூறிவிட வேண்டும். ஒரே அகலக் கட்டத்துள் தமிழை அடைப்பது எளிதன்று. 'ர' எங்கே, 'ணை' எங்கே! ஒன்றுக்கு மெலிந்த உடல். ஒன்றுக்கு விரிந்த தோள். கட்டத்துள் திணித்தால் ஒன்று தவிக்கும், ஒன்று பிதுங்கும். ஆயினும் இச்சிக்கலைக் கணிப்பொறி பிறப்பதற்கு முன்னரே தமிழன் ஒருவன் கையிலெடுத்துத் தீர்த்திருக்கின்றான். யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள் 1930-களில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். புள்ளிக்கும் இகரக் கொம்புக்கும் உருளை நகராத விசைகள்; அவற்றை அடித்தபின் உயிர்மெய்யை அடித்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பொருந்தும். செருமனியில் அப்பொறி செய்யப்பெற்றது. அதன் வழிவந்த பொறிகள் நம் அலுவலகங்களில் அரை நூற்றாண்டு தட்டித் தட்டி ஆணையெழுதின. தமிழ் பொறிக்கு ஒவ்வாதது என்று சொல்வோன், முத்தையாவின் பெயரை அறியாதவன்; அல்லது அறிந்தும் மறைப்பவன்.

இனி அந்த ஏ.எசு./400-இன் இன்னொரு பழக்கத்தைக் கேளுங்கள், நெஞ்சு சுடும். அச்சிட வந்த தரவில் தனக்குத் தெரியாத குறி ஒன்று இருந்தால் அப்பொறி என்ன செய்யும்? அதற்கும் ஓர் இயல்பமைவு உண்டு. 'அச்சிடவியலாக் குறியை மாற்றுக' என்னும் அமைவு 'ஆம்' என்றே வைக்கப்பட்டிருக்கும். எதனால் மாற்றுவது? வெற்றிடத்தால்! தெரியாத எழுத்து வந்தால் அங்கே ஒன்றுமில்லாமல் விட்டுவிட்டு அடுத்த கட்டத்திற்குப் போய்விடும். பிழையென்று கூவாது; நின்று கேளாது. அச்சு வேலை தடைப்படாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. செய்தவனுக்கு நம்மேல் பகையில்லை. அவன் நம்மை நினைத்தே பார்க்கவில்லை. பகைவனாவது பெயரை அறிவான்.

அவ்வெற்றிடம்கூட நமக்கு வாய்க்கவில்லை என்பதுதான் உண்மை. ஏனெனில் நம்மவர் தமிழெழுத்தை அப்பொறிக்குள் அனுப்பிப் பார்க்கவே இல்லை. முன்கூட்டியே உரோமன் எழுத்துக்குள் போய் ஒளிந்துகொண்டனர். ஊதியச் சீட்டு, மின்கட்டணச் சீட்டு, வங்கிக் கணக்குத் தாள், காப்பீட்டுப் பற்றுச்சீட்டு யாவும் பேரெழுத்து ஆங்கிலத்தில் வீட்டு வாசலுக்கு வந்தன. படிக்கத் தெரியாத தாளுக்குப் பணங்கட்டிய மக்கள் நம் மக்கள்.

எம் தந்தையார் கோவைப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் வேலை செய்தவர். தமிழ்ச் செய்தித்தாளை முதற்பக்கம் தொடங்கிக் கடைசிவரை வரி விடாமல் படிப்பார். ஆங்கிலம் அறியார். அவருடைய ஊதியச் சீட்டு முன்பெல்லாம் கணக்கரின் கையெழுத்தில் தமிழில் வரும். பிறகு ஆலைக்குக் கணிப்பொறி வந்தது. சீட்டு, துளையிட்ட ஓரத்தோடு கூடிய நீண்ட தாளில், பேரெழுத்துகளில் வரத் தொடங்கிற்று. அன்றிலிருந்து தம் கூலியைத் தாமே படித்தறியும் உரிமை அவருக்கு இல்லாதொழிந்தது. தாளை மடித்துக் கொண்டுவந்து பள்ளிச் சிறுவனாகிய எம்மிடம் நீட்டுவார். யாம் கூட்டிக் கழித்துச் சொல்லுவோம். பிடித்தங்கள் மும்மூன்று எழுத்தில் சுருக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று எமக்கும் நெடுநாள் விளங்கவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கையில்தான் அது 'கேண்டீன்' என்பதன் முதல் மூன்றெழுத்து என்று பிடிபட்டது. ஆலை உணவகத்திற்கென்று திங்கள்தோறும் ஒன்பது உருபா! தந்தையாரோ நாள்தோறும் தூக்குப்பாத்திரத்தில் வீட்டுச் சோறு கொண்டு போனவர். மூன்றாண்டுகள் அப்பிடித்தம் நடந்திருக்கின்றது. தமிழில் 'உணவகம்' என்று அச்சிட்டிருந்தால் முதல் திங்களே மேலாளர் முன்னால் போய் நின்றிருப்பார். அவ்வளவு வாயில்லாதவர் அல்லர்.

பெயரின் கதை அதனினும் கொடிது. அவர் பெயர் 'குழந்தை' என்று தொடங்கும். பள்ளிச் சான்றில் ழகரத்திற்கு 'இசட்-எச்' போட்டிருந்தனர். ஆலையின் பொறியில் 'எல்' போட்டனர். பெயருக்கு ஒதுக்கிய கட்டங்கள் பதினைந்தே யாதலால் கடைசி எழுத்துகளும் வெட்டுண்டன. வங்கியிலோ ஊர்ப் பேச்சில் 'கொழந்தை' என்றதைக் கேட்டு, அதற்கேற்ற எழுத்தை இட்டுவிட்டனர். அவர் மறைந்தபின் எம் தாயார் ஓய்வுக்கால வைப்புத்தொகைக்கு எழுதிக் கேட்டபோது, 'இவை மூன்றும் மூவர் பெயர்கள். ஒருவரே என்று மெய்ப்பியுங்கள்' என்று விடை வந்தது. தாளெடுத்துத் தமிழில் எழுதிக் காட்டினால் மூன்றும் ஒரே பெயர்! ஒரு புள்ளிகூட வேறுபடாது. அதை எழுதிக் காட்டினோம். 'தமிழில் எழுதியது பதிவேட்டில் இல்லையே' என்றனர். உறுதிமொழித் தாள், ஊர்த்தலைவர் சான்று, மீண்டும் ஒரு தாள் என்று பதினொரு திங்கள் அலைந்தோம். செத்த பிறகு என் தந்தையை மூன்று ஆளாக்கியது எது? ழகரம் இல்லாத ஒரு குறியீட்டுப் பக்கம்!

இதைச் சொன்னால் நம்மவருள்ளேயே சில 'அறிவாளர்கள்' ஓடிவந்து விடுவர். 'தமிழுக்கு 247 எழுத்தாயிற்றே! அத்தனையும் பொறிக்குள் எப்படி அடங்கும்?' என்பர். இச்சாக்கை நாற்பதாண்டுகளாகக் கேட்டுக் காது புளித்துப் போயிற்று. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

1978-ஆம் ஆண்டு தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்மையை ஆணையாக்கியபின், தமிழை அச்சிடத் தேவைப்படும் தனி வடிவங்கள் எத்தனை? உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, உகர ஊகார வரிசைகளில் 36, கால், கொம்பு, சுழி, புள்ளி முதலிய குறிகள் 7. ஆக 74. எண்களையும் நிறுத்தக்குறிகளையும் 'டி', 'டீ' போன்ற சிலவற்றையும் கூட்டினாலும் நூற்றைத் தாண்டாது. இருநூற்று ஐம்பத்தாறு இடம் கொண்ட ஒரு குறியீட்டுப் பக்கத்தில் ஆங்கிலத்தையும் வைத்துத் தமிழையும் வைக்கலாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற இருமொழிக் குறியீட்டில் அவ்வாறுதான் வைத்தனர்.

எதிர்ப்பக்கத்தில் சப்பானைப் பாருங்கள்! 1978-இல் அந்நாடு தன் எழுத்துகளுக்குக் குறியீட்டுத் தரம் ஒன்றை வகுத்தது. அதிலிருந்த குறிகள் 6,802! அவற்றுள் 6,349 சீனவழி வந்த கான்சி எழுத்துகள். அதோடு விட்டார்களா? 1983-இல் ஊசியச்சுப் பொறிகளுக்கென்றே, ஒவ்வோர் எழுத்தும் 24-க்கு 24 புள்ளிக்கட்டத்தில் எந்தெந்தப் புள்ளி கறுப்பு, எது வெள்ளை என்று வரைந்து நாட்டுத் தரமாகவே வெளியிட்டனர். ஒரு நாடு உட்கார்ந்து தன் எழுத்தின் புள்ளிகளை எண்ணியிருக்கின்றது. ஓரெழுத்துக்கு 576 புள்ளி. எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட்டு என்றால் 72 பைட்டு. 6,802 குறிக்கு 4,89,744 பைட்டு. அக்காலத்தில் அஃது எளிய அளவன்று. விலை கொடுத்து நினைவகச் சில்லு வைத்தனர். தமிழுக்கு? நூறு வடிவத்திற்கு 7,200 பைட்டு. அகன்ற எழுத்துகளுக்காக இருமடங்கு கொடுத்தாலும் 14,400. சப்பானியன் சுமந்ததில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை! பொறிக்குள் இடமில்லை என்பவன் வாயை இக்கணக்காலேயே அடையுங்கள்.

'ஒன்பது ஊசிப் பொறியில் தமிழ் தெளிவாய் விழாதே' என்பர். மெய்தான். ஒன்பதே புள்ளி உயரத்தில் 'ஞூ'வின் மேலும் கீழும் ஒருங்கே தெரிவது அரிது. கான்சிக்கும் அதே இடர் இருந்தது. அவன் எழுத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை, ஊசியைக் கூட்டினான். இருபத்து நான்கு ஊசிப் பொறிகள் பெருகின. அப்பொறிகள் நம் ஊருக்கும் வந்தன; நம் கடைகளிலும் கறகறவென்று ஓடின. அவற்றுள் நாம் வாங்கி வைத்திருந்தது என்ன? இன்னும் அழகான உரோமன்!

அதனினும் வியப்பு ஒன்று உண்டு. ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளுக்கான சப்பானியப் பக்கம் 290. அதில் கதகானா எழுத்துகளை வைப்பதற்காக ஆங்கிலச் சிற்றெழுத்துகளை அவற்றின் வழக்கமான இடங்களிலிருந்தே பெயர்த்துவிட்டனர். அதனால் ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதிய நிரல்கள் சில தடுமாறின. தடுமாறினால் தடுமாறட்டும் என்று இருந்தான் சப்பானியன்! தாய்லாந்துக்காரனுக்கு 838 என்று ஒரு பக்கம். அவன் எழுத்துக்கும் மேலே குறி, கீழே குறி, அம்மேலுக்கும் மேலே ஒரு குறி. 1986-இல் தன் எழுத்துக்குத் தரம் வகுத்துக்கொண்டான். கிரேக்கனுக்கு ஒரு பக்கம், எபிரேயனுக்கு ஒன்று, அரபியனுக்கு ஒன்று. தேவநாகரிக்கும் 1137 என்று ஒரு பக்கம் அவ்வரிசையில் ஏறிவிட்டது. தமிழுக்கு அவ்வரிசையில் பக்கம் இல்லை. ஒருங்குறி என்னும் பொதுவாயில் வழியாகத்தான் தமிழ் அங்கே நுழைய வேண்டியிருந்தது.

அப்பொதுவாயிலாவது நம் விருப்பப்படி அமைந்ததா? இந்திய மொழிகள் பலவற்றை ஓரச்சில் வார்க்கும் குறியீட்டை 1988-இலும் 1991-இலும் நடுவண் அமைப்புகள் வகுத்தன. வர்க்க எழுத்துகளை உடைய மொழிகளுக்கு ஏற்ற அட்டவணை அது; தமிழை அதில் உட்கார வைத்ததால் இடையிடையே வெற்றுக் கட்டங்கள் விழுந்தன. 1991-இல் வந்த ஒருங்குறி அவ்வமைப்பையே பின்பற்றித் தமிழுக்கு 128 இடம் ஒதுக்கிற்று. மெய்யும், அகரமேறியவை நீங்கலான உயிர்மெய்யும் தத்தமக்கெனத் தனியிடம் பெறவில்லை. தமிழறிஞர்களும் கணிப்பொறி வல்லுநர்களும் முழு எழுத்துகளுக்கும் இடம் தரும் பதினாறு துணுக்குக் குறியீட்டை உருவாக்க, 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியோடு அதனையும் ஏற்று ஆணையிட்டது. அவ்வழக்கை விரித்தெழுத இஃது இடமன்று. கேளாமல் வரும் எழுத்துப் பற்றியே இங்குப் பேச்சு.

குற்றம் முழுவதையும் அயலான் தலையில் ஏற்றி நாம் கைகழுவ முடியாது. 1956-இலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்கீழ் நடந்த அரசும் அதன் நிறுவனங்களும் கணிப்பொறி வாங்கியபோது, ஒப்பந்தத் தாளில் 'அச்சுப்பொறியுள் தமிழெழுத்து உள்ளிருத்தல் வேண்டும்' என்னும் ஒரு வரியைத் தவறாமல் எழுதிவந்தனவா? எழுதியிருந்தால் நம் மின்கட்டணச் சீட்டு அத்தனையாண்டுகள் ஆங்கிலத்தில் வந்திராது. விற்பவன் வாங்குபவன் கேட்பதைச் செய்வான். 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவைவிட்டு வெளியேறி 1992-இல்தான் கூட்டு நிறுவனமாகத் திரும்பி வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்நாட்டு நிறுவனங்கள்தாம் பொறிகளைச் செய்தன, விற்றன. அவற்றையாவது கேட்டிருக்கலாமே! அயலானைக் கேட்க வெட்கமென்றால் உள்ளூரானைக் கேட்க என்ன தடை?

நம் இயக்கத்தாரையும் விட்டுவைக்க யாம் விரும்பவில்லை. 'பிரிண்டர்' என்று ஒருவன் சொன்னால் பாய்ந்து திருத்தினோம். 'அச்சுப்பொறி' என்று அவன் சொன்னதும் வென்றுவிட்டதாக மகிழ்ந்தோம். அவனோ நம்மிடம் 'அச்சுப்பொறி' என்று சொல்லிவிட்டுப் போய், அதில் ஆங்கிலத்தை அச்சிட்டுக்கொண்டிருந்தான். சொல்லைத் திருத்திய நாம் எண்ணைத் திருத்தவில்லை. எழுத்துரு எண் 11, பக்க எண் 37 என்று யாரேனும் நம்மிடம் சொன்னால், 'அது பொறியாளர் வேலை' என்று தட்டிக்கழித்தோம். ஆட்சி அந்த எண்ணுக்குள் அல்லவா இருந்தது?

இன்றைய நிலைக்கு வருவோம். இப்பொழுது மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் விலைச்சீட்டு அடிக்கும் சிறுபொறிகள் நிறைந்துவிட்டன. வெப்பத்தால் கறுக்கும் தாளில் சரசரவென்று அடித்துத் தள்ளும். எப்சன் குழுமத்தின் சீட்டுப்பொறிக் கட்டளை வரிசையில் எழுத்துப் பக்கங்களுக்கு எண்கள் உண்டு. இயல்பமைவு 0, அது 437 எனப்படும் அமெரிக்கப் பக்கம். 66 என்றால் தேவநாகரி, 67 வங்காளம், 68 தமிழ்! ஆம், சில பொறிகளுக்குள் தமிழ் உள்ளேயே இருக்கின்றது. 0-ஐ 68 ஆக்கும் ஒரு கட்டளைக்காக இருட்டில் காத்துக் கிடக்கின்றது. இப்பொழுது எவன்மேல் பழி போடுவது?

எம் ஊர்க் கடைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். நல்லவர், கடைப்பலகையில் தமிழைப் பெரிதாக எழுதி வைத்திருப்பவர். பொறியை நிறுத்தி, தாள் தள்ளும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மீண்டும் இயக்கச் சொன்னோம். பொறி தன்னைத் தானே ஆய்ந்து ஒரு தாளை அடித்தது. அவர் அத்தாளை அதுவரை பார்த்ததில்லை. பொறி எந்த எழுத்தோடு விழித்தெழுகின்றது என்பதை அது காட்டிற்று, முழுவதும் உரோமன். "வந்தப்பவே இப்பிடித்தானுங்க இருந்துச்சு, நானொண்ணும் பண்ணலீங்க" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அவர் ஒன்றும் செய்யவில்லை. பிறகு கணக்குநிரல் விற்றவரைத் தொலைப்பேசியில் அழைத்தோம். 'தமிழில் அடிக்க முடியுமா?' என்றதற்கு, "முடியுங்க ஐயா, பண்ணித் தரலாம், இதுவரைக்கும் யாருங் கேட்கலீங்க" என்றார். ஆயிரக்கணக்கான கடைகளுக்கு நிரல் விற்றதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் வாயிலிருந்து வந்த சொல் இது.

ஆதலால் இவ்விதழைப் படிப்போரிடம் யாம் கேட்பது பெரிய போராட்டம் அன்று. கடை வைத்திருப்போர், ஆலைக் கணக்கில் இருப்போர், கூட்டுறவு நிறுவனங்களில் பொறுப்பில் இருப்போர் உங்கள் அச்சுப்பொறியை மேற்சொன்னவாறு ஒருமுறை ஆய்வுத்தாள் அடிக்கச் செய்யுங்கள். அதில் உள்ள எழுத்துப் பக்கம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். விற்றவரை அழைத்து மூன்றைக் கேளுங்கள்: பொறியுள் தமிழ் இருக்கின்றதா, இருந்தால் அதனையே இயல்பமைவாக வைத்துத் தர முடியுமா, இல்லையேல் தமிழை உருவப்படமாக அனுப்பியேனும் அச்சிட நிரலில் வழி உண்டா. அடுத்த பொறி வாங்கும் ஒப்பந்தத்தில் இம்மூன்றையும் எழுத்தில் சேருங்கள். ஊதியச் சீட்டு வாங்கும் தொழிலாளத் தோழர்கள், பிடித்தங்களின் பெயரைத் தமிழில் அச்சிடுமாறு தொழிற்சங்கத்தின் வழியாக எழுதிக் கேளுங்கள். பெயரைத் தமிழில் பதியுமாறும் கேளுங்கள்.

என்ன விடை வந்தது என்று எமக்கு எழுதுங்கள். பொறியின் வகையும் விற்றவர் சொன்ன சொல்லும் அப்படியே இருக்கட்டும். ஊர்ப்பெயர் போதும், உங்கள் பெயர் வேண்டுவதில்லை. ஆய்வுத்தாளையும் உடன் வைத்தால் நலம். வந்தவற்றை வரும் இதழ்களில் ஒன்றுவிடாமல் வெளியிடுவோம்.